ஆணிக்கடையில் சொன்ன சாவு

சென் லூயி
3 செப்டம்பர் 1979

லோர்னாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். நீ விமான நிலையத்துக்கு வரவில்லை. வருவாய் என்று நானும் நினைக்கவில்லை. ஆனாலும் வெளியே வந்ததும் கூட்டத்தில் உன் தலையைத்தான் தேடினேன். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

உன் கணவன் பிராம் வந்திருந்தான். என் பெட்டியைக் கேட்டான், கொடுக்கவில்லை. டக்காரிலிருந்து இந்த ஊர் வரை நெருக்கியடித்த வாடகைக் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தூக்கம் எப்படி, முதுகு எப்படி, சோளக்காடு எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தான். எனக்குச் சோளக்காடு கிடையாது, நெப்ராஸ்காவில் இருப்பவனெல்லாம் விவசாயி இல்லை, நான் மின்கம்பம் ஏறிப் பிழைத்தவன் என்றேன். "அப்போ கம்பமெல்லாம் சௌக்கியமா, மாமா?" என்றான். கிண்டலா மரியாதையா என்று இன்னும் பிடிபடவில்லை.

இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது என்று நீ இருக்கும் பொதோருக்குக் கிளம்பினான். கிளம்பும்போது எனக்கு இடது கையை நீட்டினான். வலது கை சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. இங்கே இடது கையால் ஒரு வேர்க்கடலையைக்கூட வாங்க மாட்டார்கள் என்பதை வந்த அன்றே பார்த்துவிட்டேன். அந்தக் கையை எனக்கு நீட்டுகிறான்! நான் தொடவில்லை. கல்யாணத்துக்கு வராதவனுக்கு இதுதான் மரியாதை என்று நினைத்திருப்பான். நினைத்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா போன பிறகு பழைய புத்தகக் கடையில் ஒரு பிரெஞ்சுப் புத்தகம் வாங்கி வரி விடாமல் படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மின்சாரத்தையும் அப்படித்தான் படித்தேன். அந்தப் பிரெஞ்சு தபால் நிலையத்தில் வேலை செய்கிறது, இந்த வீட்டில் செய்யவில்லை. இங்கே எல்லாரும் ஒலோஃப் பேசுகிறார்கள். உன் மாமியாருக்கு மட்டும் மீன் விற்றுப் பழகிய பிரெஞ்சு இருக்கிறது. அதில் பாதி விலை, பாதி வசவு. காலையில் என் அறைக்குள் வந்து வரிசையாக ஏதேதோ கேட்கிறாள். எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்று சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் போய்விடுகிறாள்.

ஒரே தாம்பாளத்தைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மீன் நடுவில் இருக்கிறது. அந்த அம்மாள் அதைப் பிய்த்துப் பிய்த்து என் பக்கம் தள்ளினாள், பல் முளைக்காத குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி. நான் திருப்பித் தள்ளினேன். மறுபடி தள்ளினாள். மறுபடி தள்ளினேன். எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்குக் கை இருக்கிறது, லோர்னா.

நான் ஊர் பார்க்க வரவில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறேன். விமானம் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை. இரண்டு டிக்கெட்டும் என் கோட்டுப் பையில் இருக்கின்றன. வீடு காலியாகக் கிடக்கிறது. வியாழனுக்குள் வந்துவிடு.

அப்பா


பொதோர்
5 செப்டம்பர்

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வண்டிக்காரர் இன்று மதியம் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் வரவில்லை. இந்த மருத்துவ நிலையத்துக்கு நான் ஒருத்திதான் செவிலி. மழைக்காலம், தட்டம்மை, மலேரியா, இரண்டு பேருக்குப் பிரசவ நேரம். இது காரணம். இது மட்டும் காரணம் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

என்னைக் கேட்காமல் என் பெயரில் டிக்கெட் வாங்கியிருக்கிறீர்கள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. நான் என் வீட்டில்தான் இருக்கிறேன். வேறு எந்த வீட்டுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போக முடியாது.

என்னைப் பார்க்க வேண்டுமென்றால், முதலில் அந்தத் தாம்பாளத்தில் உட்கார்ந்து, என் மாமியார் யாய் கும்பா எடுத்துப் போடும் மீனைத் தின்னுங்கள். வீட்டில் மூத்தவள்தான் மீனைப் பங்கிடுவாள். எனக்கும் அவர்தான் போடுகிறார். பிராமுக்கும் அவர்தான். எங்களுக்கும் பல் இருக்கிறது.

இன்னொன்று. அம்மாவைப் பற்றி அந்த வீட்டில் யாரிடமும் பேசாதீர்கள். காரணம் கேட்காதீர்கள்.

லோர்னா


சென் லூயி
7 செப்டம்பர்

லோர்னாவுக்கு,

மீன் விஷயம் முடிந்தது. இரண்டு நாளாக எனக்குத் தனித் தட்டு, தனிக் கரண்டி, என் அறைக்கே வருகிறது. கேட்காமலேயே. நான் சொன்னது கடைசியில் அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

அறைதான் பிரச்சினை. கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை. கதவும் சும்மா ஒரு பேச்சுக்குத்தான். பகலெல்லாம் திறந்து, ஒரு திரையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். விடிந்தால் அந்த அம்மாள். அப்புறம் அவள் தங்கை. அப்புறம் அடுத்த வீட்டுத் தையல்காரன். எல்லாரும் வந்து அமைதியாகத் தூங்கினேனா என்று கேட்கிறார்கள். இவர்கள் கேட்பதை நிறுத்தினால் தூங்குவேன். நேற்று ஒரு ஆடும் வந்தது. அது ஒன்றுதான் எதுவும் கேட்கவில்லை.

எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. பாலம் வரை நடக்கிறேன், திரும்பி வருகிறேன், மறுபடி நடக்கிறேன். ஆற்றங்கரையில் நின்றால் கடல் காற்று வாயில் மணலைப் போடுகிறது. தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் என்னைத் தெரிந்தவன் மாதிரி கையைப் பிடித்துக்கொள்கிறான், பிடித்தால் விடுவதில்லை. வீட்டிலும் இப்படித்தான் இருந்தேன் என்று உன் சித்தி எழுதியிருப்பாள். எழுதட்டும். அங்கே நடந்தால் யாரும் கையைப் பிடிக்க மாட்டார்கள்.

தாழ்ப்பாளும் நாலு ஆணியும் வாங்கலாம் என்று தெம்பா என்பவனின் கடைக்குப் போனேன். கடை நிறைய ஆணி. சுவரில் தாழ்ப்பாள்கள் வரிசையாகத் தொங்குகின்றன. நான் ஆணி என்கிறேன். அவன் காலை எப்படி விடிந்தது என்கிறான். ஆணி என்கிறேன், உடம்பு எப்படி என்கிறான். வெளியே வந்துவிட்டேன். இன்று மறுபடி போனேன். மறுபடி அதே கதை. என் பிரெஞ்சு சரியாகத்தான் இருக்கிறது. புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போனேன்.

யாரிடமும் எதையும் பேசாதே என்றாய். பேசவில்லை. பேச ஆள் யார் இருக்கிறார்கள்?

வியாழன்.

அப்பா


பொதோர்
8 செப்டம்பர்

அப்பாவுக்கு,

தனித் தட்டை வெற்றி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வரி வாங்க வருகிறவனுக்கு இந்த ஊரில் தனித் தட்டு வைப்பார்கள். உங்களை அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்கள். யாய் கும்பா என்ன பாடுபட்டு அந்தத் தட்டை எடுத்து வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் முதன்முதலில் அங்கே காய்ச்சலில் கிடந்தபோது, எழுந்து வர முடியவில்லை என்று தாம்பாளத்தையே என் பாயருகே கொண்டுவந்து வைத்து, வீடு மொத்தமும் என்னைச் சுற்றி உட்கார்ந்து தின்றது.

ஆணிக்கடையில் உங்கள் பிரெஞ்சில் தப்பு இல்லை. தெம்பா கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள், அவரைத் திருப்பிக் கேளுங்கள், ஆணி தானாக வரும். ஒரு மனிதரை 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்பதால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? ஆனால் கேட்க மாட்டீர்கள். நீங்கள் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால்.

பிராம் நீங்கள் எழுதியதைப் படிக்கவில்லை. நான்தான் சொன்னேன், கையைப் பற்றி. அவர் சிரிக்கவில்லை. வெகுநேரம் வாசலில் போய் நின்றார். கேளுங்கள்: இங்கே தூரம் போகும்போது, மறுபடி பார்த்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு மட்டும்தான் இடது கை கொடுப்பார்கள். அது தப்பான கை என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே ஒரு தப்பைச் செய்துவிட்டுப் போகிறார்கள். அதைச் சரிசெய்யத் திரும்பி வந்தாக வேண்டும், இல்லையா? அதற்காக. அவர் அப்பா இறந்துபோவதற்கு முன்னால் கடைசியாக இவருக்குக் கொடுத்ததும் இடது கைதான். அதற்குப் பிறகு பிராம் அதை நீட்டியது உங்களுக்கு மட்டும்தான்.

நீங்கள் தொடவில்லை.

நான் வியாழக்கிழமை வர மாட்டேன்.

லோர்னா


சென் லூயி
10 செப்டம்பர்

லோர்னா,

என்ன நடந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன்னால்.

நேற்று மூன்றாம் முறையாக ஆணிக்கடைக்குப் போனேன். உன் கடிதம் அப்போது வந்திருக்கவில்லை, வந்திருந்தாலும் போயிருப்பேன்.

"காலை அமைதியா விடிஞ்சுதா, பெரியவரே?" என்றான் தெம்பா.

"நாலு ஆணி. ஒரு தாழ்ப்பாள்."

"உடம்பு சௌக்கியமா?"

"ஆணி."

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பிள்ளைங்க? வீட்டம்மா?"

"செத்துப்போயிட்டா! ஆணி இருக்கா, இல்லையா?"

கத்திவிட்டேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். தெம்பா எழுந்தான். ஆணி எடுக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். அவன் செருப்பை மாட்டினான். பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக் கடையைச் சாத்தினான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தான். தையல்காரனிடம் ஏதோ சொன்னான், மிஷின் சத்தம் நின்றது. ரொட்டி விற்கிறவளிடம் சொன்னான், அவள் கூடையை மூடினாள். நாங்கள் வீட்டு வாசலை அடைந்தபோது பின்னால் ஒரு ஊர்வலமே வந்துகொண்டிருந்தது.

உன் மாமியார் முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தெம்பா சொன்னான். அவள் எழுந்தாள், கையில் கத்தியோடு.

"எத்தனை நாளா என் வீட்ல சோறு தின்னுறீங்க? தினமும் காலைல வந்து என் சம்பந்தி நல்லா இருக்காளான்னு கேட்டேன். தினமும் ஆமா ஆமான்னு தலையாட்டினீங்க! என் சம்பந்தி செத்ததை ஆணிக்காரன் வந்து சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?"

அவள் தினமும் கேட்டது அதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எப்போ?" என்றாள்.

"பிப்ரவரியில்."

அது பழைய கதை என்று தெரிந்தால் எல்லாரும் கலைந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவள் கத்தியைக் கீழே போட்டாள்.

"உங்களுக்குப் பிப்ரவரி. எங்களுக்கு அவ இன்னிக்குத்தான் செத்தா."

பாய் விரித்தார்கள். என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்து, தலையை நிமிர்த்திக்கொள் என்ற பொருள்படும் ஒரு வார்த்தையைச் சொன்னார்கள். இங்கே துக்கத்துக்கு அதுதான் வார்த்தையாம். சொல்லிவிட்டுப் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பேசவும் இல்லை. பள்ளிவாசல் இமாம் வந்தார், ஓதினார்கள். உன் அம்மா மெத்தடிஸ்ட் கிறிஸ்தவள் என்று சொல்ல நினைத்தேன். என் புத்தகத்தில் அந்தச் சொல் இல்லை. நம் ஊர்த் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் பாட்டு வகுப்பு எடுத்தவள். இவர்கள் ஓதியது ராகமாகத்தான் இருந்தது, ஆட்சேபிக்க மாட்டாள் என்று விட்டுவிட்டேன்.

நம் ஊரில் அவள் போனபோது ஆளாளுக்கு மூடி போட்ட பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். பாத்திரங்களைக் கழுவி மறுபடி வாசலிலேயே வைத்தேன். யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரச் சொல்லவில்லை. இங்கே எப்போது எழுந்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கால் மரத்துப்போய்விட்டது. எழுந்திருக்கவில்லை.

எட்டாம் நாள், அதாவது அடுத்த ஞாயிறு, பெரிய பிரார்த்தனை, ஊர்ச் சாப்பாடு, அதோடு பாயைச் சுருட்டுவார்கள் என்கிறார்கள். அதற்குள் நாங்கள் விமானம் ஏறிவிடுவோம் என்றேன். "யாரு நாங்கள்?" என்றாள் உன் மாமியார்.

நீ அவர்களிடம் ஏன் சொல்லவில்லை, லோர்னா? இத்தனை மாதமாகவா?

அப்பா

கை விஷயம் படித்தேன். இன்று காலைதான் வந்தது.


பொதோர்
11 செப்டம்பர்

அப்பா,

இரண்டாவது முறை. இரண்டாவது முறையும் நான் இல்லாமல்.

உங்கள் தந்தி எனக்கு வந்தபோது அம்மாவைப் புதைத்து நாலு நாள் ஆகியிருந்தது. 'எல்லாம் நல்லபடியாக முடிந்தது, நீ வர வேண்டாம்' என்று இருந்தது. நல்லபடியாக! நான் அதை உடுப்புப் பையில் வைத்துக்கொண்டே அன்றைக்கு ஒரு பிரசவம் பார்த்தேன். பிராமிடம் மட்டும் சொன்னேன். யாயிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால் இதே பாயை எனக்காக விரித்திருப்பார்கள். இதே ஜனங்கள் வந்து என் கையைப் பிடித்திருப்பார்கள். பிடித்ததும் கேட்கிற முதல் கேள்வி எனக்குத் தெரியும்: "உங்கப்பா ஏன்மா உனக்காகக் காத்திருக்கலை?" நான் என்ன சொல்வேன்? காத்திருக்க விரும்பவில்லை என்றா? என் கல்யாணத்துக்கு வராததற்கே உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று அந்த முற்றத்தில் பொய் சொன்னவள் நான். உங்களைப் பற்றி அங்கே ஒருவரும் ஒரு வார்த்தை குறைவாகப் பேசிவிடக் கூடாது என்று என் அம்மாவுக்காக நான் அழவில்லை. குழந்தைக்குத் தொப்புள்கொடி கட்டும்போது அழவில்லை, வீட்டில் அழவில்லை, யாய் கும்பா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தபோதும் அழவில்லை. "ஏன்டி இளைச்சுப் போயிட்டே?" என்று கேட்டார். வெயில் என்றேன்.

அதை நீங்கள் நாலு ஆணிக்காகப் போட்டு உடைத்தீர்கள்.

இப்போது அந்தப் பாயில் நீங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் கையைப் பிடிக்கிறார்கள். எட்டாம் நாள் சாப்பாடு போட்டு, ஓதி முடித்துச் சுருட்டிவிடுவார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் எனக்கு இன்னொரு தந்தி கொடுக்கலாம்.

மாற்றுச் செவிலி கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. நேற்று பெய்த மழையில் பாதை ஓரிடத்தில் அறுத்துக்கொண்டு போய்விட்டது.

யாய்க்கு என் மேல் எவ்வளவு கோபம்? அதை மட்டும் எழுதுங்கள்.

லோர்னா


சென் லூயி
13 செப்டம்பர், வியாழன்

லோர்னா,

நீ கேட்டதற்கு முதலில் பதில். கோபம் நிறைய. "அப்பனும் மகளும் சேர்ந்து ஒரு பொணத்தை என்கிட்ட ஒளிச்சு வச்சிருக்கீங்க" என்றாள். உன் கடிதத்தில் எழுதியிருந்த காரணத்தை என் பிரெஞ்சில் அவளுக்குச் சொன்னேன். புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி, வார்த்தை வார்த்தையாக. கல்யாணத்தன்று எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது என்பதையும் சொன்னேன். நீ சொன்ன பொய்யை நான் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்புறம் அவள் உன்னைப் பற்றிக் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பற்றித்தான் சொன்னாள். அதில் பாதி மீன் சந்தை வார்த்தை. என் புத்தகத்தில் இல்லை, இருந்தாலும் உனக்கு எழுத மாட்டேன்.

பிப்ரவரியில் நான் செய்தது சரி. பனிப்புயல் வந்துகொண்டிருந்தது. நீ வந்து சேர ஒரு வாரம் ஆகியிருக்கும். அவளை அந்தக் குளிர் அறையில் கிடத்திவிட்டு ஒரு வாரம் நான் அந்த வீட்டில் நடந்துகொண்டிருக்க முடியாது. இன்றைக்கு நடந்தாலும் அதையேதான் செய்வேன். இதில் நான் இறங்கி வர மாட்டேன், நீயும் எதிர்பார்க்காதே.

ஆனால் இது பிப்ரவரி இல்லை. இங்கே பனி இல்லை. ஆகவே நேற்று இமாம், தெம்பா, உன் மாமியார் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன்: என் மகள் வராமல் ஓதி முடிக்கக் கூடாது.

"எட்டாம் நாள்னா எட்டாம் நாள்தான்," என்றார் இமாம். அவரும் என்னைப் போல ஒருவர்.

"அப்போ எட்டாம் நாள் ஆரம்பியுங்க. முடிக்கிறது அவ வந்தப்புறம்."

"வரலைன்னா?" என்றாள் யாய் கும்பா.

"வர்ற வரைக்கும் பாயைச் சுருட்டக் கூடாது."

"மழை வந்தா?"

"நனையட்டும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்போ தெரியுது, என் மருமக யாரைக் கொண்டு பிறந்திருக்கான்னு" என்றாள். முற்றமே சிரித்தது. துக்க வீட்டில் சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே சிரிக்கிறார்கள்.

இன்று மதியம் எனக்குத் தட்டு வரவில்லை. நான் போய்த் தாம்பாளத்தில் உட்கார்ந்தேன். அவள் மீனைப் பிய்த்து என் பக்கம் தள்ளினாள். தின்றேன். உனக்கென்று ஒரு இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கத்துக்கு அவள் ஒரு துண்டைத் தள்ளி வைத்தாள். அதைப் பூனை தின்றது.

விமானம் நாளைக்கு. நான் பெட்டி கட்டவில்லை.

செவிலியை அனுப்பாதவர்கள் யாரோ, அவர்கள் முகவரியை எனக்கு எழுது. நான் எழுதினால் அனுப்புவார்கள்.

அப்பா


பொதோர்
14 செப்டம்பர்

அப்பா,

வண்டிக்காரர் வாசலில் ஹாரன் அடிக்கிறார், அவசரமாக எழுதுகிறேன்.

யாருக்கும் எழுத வேண்டாம். அடுத்த ஊர் மருத்துவ நிலையத்திலிருந்து ஒரு அம்மா ஓய்வு நாளை விட்டுக்கொடுத்து வருகிறார். நாளை காலை நானும் பிராமும் கிளம்புகிறோம். அறுத்துக்கொண்ட இடத்தில் இறங்கி நடந்து, அந்தப் பக்கம் வேறு வண்டி பிடிக்க வேண்டும். ஞாயிறு சாயங்காலத்துக்குள் வந்துவிடுவோம். ஆனால் மழை.

பாயைச் சுருட்ட விடாதீர்கள்.

லோ


டக்கார்
26 அக்டோபர்

அன்புள்ள லோர்னா,

விமானம் தாமதம் என்கிறார்கள். காரணம் கேட்டேன். மேஜையில் இருந்த பெண்ணிடம் முதலில் அவள் காலை எப்படி விடிந்தது, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டுத்தான் கேட்டேன். அவள் என்னை உட்கார வைத்து, தன் சின்னம்மாவின் மூட்டுவலி வரைக்கும் சொன்னாள். காரணத்தைக் கடைசி வரை சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகிறேன். குளிர் வருவதற்குள் குழாய்களை மூட வேண்டும். உன் அம்மாவைப் புதைத்திருக்கும் இடத்தில் புல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உன் பெயர் போட்ட டிக்கெட்டை யாய் கும்பா அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் இருவரும் பேசவில்லை. பேச வேண்டியதில்லை என்று நீ நினைக்கலாம். நான் ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். விளக்கு வைக்கிற நேரத்தில் முழங்கால் வரை சேற்றோடு நீ உள்ளே வந்தாய். என்னைப் பார்க்கவில்லை. யாய் கும்பாவைப் பார்த்தாய், அவள் மடியில் விழுந்தாய். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து நீ எழுந்து வந்து, "கொஞ்சம் தள்ளி உட்காருங்கப்பா" என்றாய். தள்ளி உட்கார்ந்தேன். நாம் கடைசியாகப் பார்த்து ஐந்து வருஷம் ஆன பிறகு நீ எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அதற்குப் பிறகுதான் இமாம் ஓதி முடித்தார். அந்த மனிதர் மத்தியானத்திலிருந்து தொண்டை வற்றக் காத்திருந்தார். அதற்கு நீ அவருக்கு ஒருநாள் நன்றி சொல்ல வேண்டும். நான் சொன்னால் சண்டை வந்துவிடும்.

தெம்பா துக்கத்துக்குக் கொண்டுவந்த பொட்டலத்தில் சர்க்கரையோடு ஒரு தாழ்ப்பாளும் நாலு ஆணியும் இருந்தன. உனக்குச் சொன்னேனா? கிளம்புவதற்கு முந்தின நாள்தான் கதவில் அடித்தேன். நேராக, நல்ல இறுக்கமாக. வேலையில் குறை சொல்ல முடியாது. வெளிப்பக்கம் அடித்திருக்கிறேன், ஆடு உள்ளே போகாமல் இருக்க. அறையை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று யாயிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை சென் லூயியில் பிராம் என்னைக் கார் நிறுத்தத்துக்குக் கூட்டிப் போனான். பெட்டியைக் கேட்டான், கொடுத்தேன். "கம்பமெல்லாம் சௌக்கியமா இருக்கும், மாமா. நீங்க கவலைப்படாம போங்க" என்றான். இப்போது தெரிகிறது, கிண்டல்தான். கார் நிறைந்து, கதவைச் சாத்தப்போகும் நேரத்தில் கையை நீட்டினான். வலது கை. நான் முன்னால் செய்ததை நினைத்து, இந்தக் கிழவனோடு வம்பு வேண்டாம் என்று பார்த்துப் பார்த்து நீட்டினான், பாவம்.

நான் தொடவில்லை. "அந்தக் கை இல்லடா, இன்னொண்ணு" என்றேன். என் இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். உள்ளே இருந்த ஆறு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பிராம் அதைப் பிடித்தான். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிவிட்டான், இவன் விடவில்லை, கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தான்.

ஆக, ஒரு தப்பைச் செய்துவிட்டுத்தான் போகிறேன். செய்த வேலை தப்பாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு இருக்கிறவன் உன் அப்பன் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

அப்பா